அக்கா கடையில் நான் பார்த்தது வேலையா?

என் வேலை போனதைச் சொந்தக்காரர்களிடம் சொல்ல எனக்கு மாதக்கணக்கில் ஆனது. அரசாங்கத்திடம் சொல்ல ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. கணினித் திரைக்கு முகம் கிடையாது. அது "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டாது, "கண்ணு பட்டிருக்கும்" என்று திருஷ்டி கழிக்கச் சொல்லாது. கேட்டதற்குப் பதில் சொன்னால் அடுத்த பக்கத்துக்குப் போகிறது. அந்த வகையில் எனக்கு அதைப் பிடித்திருந்தது.

நான் கப்பலில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவள். எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் ஏறுகிறது, அதோடு என்னென்ன தாள்கள் போக வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. பிறகு அந்தப் பிரிவையே வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். முறையாகத்தான் செய்தார்கள், குறை சொல்ல முடியாது. ஒரு கூட்டம், ஒரு கடிதம், கொஞ்சம் இழப்பீடு, பேசிய அறையில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பெட்டி. அந்த டிஷ்யூவை நான் தொடவில்லை. வீம்புதான், வேறென்ன.

புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீடு. கணவர் பஸ் ஓட்டுகிறார். மகள் பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடக்காது என்றில்லை, நடக்கும், ஆனால் நொண்டிக்கொண்டு நடக்கும். வேலையை இழந்தவர்களுக்கு, வேறு வேலை தேடுகிற காலத்தில், மாதா மாதம் ஓர் உதவித்தொகை தரும் திட்டம் இருக்கிறது. மாதம் போகப் போகத் தொகை குறைந்துகொண்டே வரும். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு அது கிடையாது. விண்ணப்பம் போட வேண்டும், ஆலோசகரைப் பார்க்க வேண்டும், வகுப்புக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள் உண்டு. மாதத்துக்கு இத்தனை புள்ளி என்று சேர்த்தால்தான் பணம்.

"வேலை தேடுறதுக்கே மார்க்கா?" என்றார் கணவர். "நல்லா படி லா. ஃபெயிலாயிடாத."

நான் ஃபெயிலாகவில்லை. வீட்டு வேலையை முடித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக அனுப்பினேன். பெரும்பாலான இடங்களிலிருந்து பதிலே வராது. வந்தால், மிகவும் மரியாதையான ஆங்கிலத்தில் இல்லை என்று வரும். புள்ளிகள் சேர்ந்தன, பணமும் சொன்னபடி வந்தது. ஆனால் அந்தப் பணம் கணக்கில் விழும் அன்றெல்லாம் எனக்கு ஏனோ எரிச்சலாக இருக்கும், குழம்பில் உப்பு சரியாக இருந்தாலும் மகளிடம் எரிந்து விழுவேன். வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பணம் தேவைப்பட்டது உண்மைதான். அதைவிட அதிகமாக, இந்த இடத்துக்கு நீ வேண்டும் என்று யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லை.

எனக்குக் கிடைத்த ஆலோசகர் முப்பது சொச்சம் வயதுத் தமிழ்ப் பெண். முதல் நாள் வாய்தவறி "ஆண்டி" என்று கூப்பிட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு "சாரி, மேடம்" என்றாள். ஆண்டியே இருக்கட்டும் என்றேன். இந்த வயதில் மேடம் என்று கூப்பிட்டால் ஏதோ விற்க வருகிறார்கள் என்று தோன்றுகிறது. அவள் வேலைக்கு அனுப்பும் என் தற்குறிப்பை எடுத்து, நான் எளிமையாக எழுதியிருந்ததையெல்லாம் பெரிய பெரிய வார்த்தைகளாக மாற்றிக் கொடுத்தாள். படித்துப் பார்த்தபோது அந்தப் பெண்மணியை நானே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இப்படியே தீபாவளி நெருங்கிவிட்டது.

லிட்டில் இந்தியா எங்கள் வாயில் தேக்கா என்றுதான் வரும். அங்கே ஒரு சந்தில் அக்காவின் புடவைக்கடை. உடன்பிறந்த அக்கா இல்லை. சின்ன வயதில் புக்கிட் மேராவில் ஒரே அடுக்குமாடி புளோக்கில் குடியிருந்தோம், அந்தப் பழக்கம். புடவையோடு ரவிக்கையும் தைத்துக் கொடுப்பார். மகளுக்குத் தைக்கக் கொடுத்திருந்ததை வாங்கத்தான் அன்று போனேன்.

கடை கடையாக இல்லை. கல்லாவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் பைகள் மலையாகக் குவிந்திருந்தன. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு புது ரவிக்கைத் துணி, அளவுக்கு ஒரு பழைய ரவிக்கை. அளவு ரவிக்கை என்பது சாதாரணப் பொருள் இல்லை. பத்து ரவிக்கை தைத்துச் சரியில்லாமல் பதினோராவதாக ஒன்று அமைந்திருக்கும், அதைத்தான் பெண்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைத் தொலைத்தால் தையற்காரரை ஏழு ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார்கள். அக்கா அந்த மலைக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். முன்னால் நான்கைந்து பெண்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"செத்த உக்காரும்மா, இதோ எடுத்துடுறேன்," என்றார் என்னைப் பார்த்து.

நான் உட்காரவில்லை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள், சரக்கு அடுக்கின கையும் அப்படித்தான். கைப்பையைக் கல்லாவுக்கு அடியில் தள்ளிவிட்டு வேலையில் இறங்கினேன். பைகளை வந்த வரிசையில் குவித்திருந்தார்கள், குழப்பமே அதில்தான். கப்பல் சரக்கில் எந்தப் பெட்டி முதலில் வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை, எது முதலில் போக வேண்டும் என்றுதான் பார்ப்பார்கள். நானும் வாங்க வரும் நாளைக் கேட்டுக் கேட்டு, நாளுக்கு ஒரு நிறத்தில் ஒட்டுத்தாள் ஒட்டி, புடவை தொங்கவிடும் கம்பியில் பைகளை வரிசையாக மாட்டினேன். மாடியில் தைக்கிறவர்களுக்கும் அதே வரிசையில் ஏற்றி அனுப்பினேன். சாயங்காலம் வரை தலை நிமிரவில்லை.

"ஆபீஸ் இல்லையா உனக்கு?" என்றார் அக்கா.

"லீவுக்கா."

மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும். யாரும் வரச்சொல்லவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நம்மவர்களிடையே இது ஒன்றும் புதிதல்ல. தீபாவளி நெருக்கத்தில் தெரிந்தவர் கடையில் போய்க் கூடமாட நிற்பது வழக்கம். நேரம் பேசுவதில்லை, கூலி பேசுவதில்லை, பேசினால் உறவு கெட்டுவிடும். மதியம் அக்கா வாங்கித் தரும் சாப்பாட்டைச் சாப்பிடுவேன். அவ்வளவுதான். ராத்திரி பாஞ்சாங் ரயிலில் உட்காரும்போது கால் கடுக்கும், மனசு லேசாக இருக்கும். ஒரு வாடிக்கையாளர், "புதுசா வந்த அக்காகிட்ட கேளுங்க, அவங்களுக்குத்தான் தெரியும்," என்று இன்னொருவரிடம் சொன்னதை நான் வீட்டில் வந்து கணவரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

தீபாவளிக்கு முதல் நாள் கடைசிப் பை போனதும் அக்கா எனக்கு ஒரு புடவை கொடுத்தார். பிறகு கல்லாவைத் திறந்து, பண்டிகைக் காசு வைத்துக் கொடுக்கும், மயில் படம் போட்ட இரண்டு தீபாவளி அங்பாவ் உறைகளை எடுத்தார். "பிள்ளைக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. வேணாம்னு சொல்லக்கூடாது."

கொடுத்தவர் எதிரில் உறையைப் பிரிப்பது அநாகரிகம். கையில் வைத்துக் கனம் பார்ப்பதுகூட மரியாதை இல்லை. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் போட்டேன். வீட்டில் சாமி மேடையில் வைத்தேன். எண்ணெய்க் குளியல், பலகாரம், விருந்தாளிகள் எல்லாம் ஓய்ந்து மறுநாள் சாயங்காலம்தான் பிரித்தோம். மகளின் உறையில் எல்லோரும் வைப்பது போல ஒரு தாள். என்னுடையதை மடித்து மூட முடியாமல் ஒட்டுநாடா போட்டு ஒட்டியிருந்தார். உள்ளே பெரிய தாள்கள், கட்டாக.

கணவர் விசிலடித்தார்.

"இது அங்பாவ் இல்ல," என்றேன்.

"அப்ப என்னவாம்?"

"சம்பளம்."

"அவங்க சம்பளம்னு சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்ப அங்பாவ்தான் லா. மயில் படம் போட்டிருக்குல்ல, பாரு."

அவருக்கு எல்லாம் சுலபம். எனக்கு அப்படியில்லை. அந்த வாரமே ஆலோசகரைப் பார்க்க வேண்டும், மாத விவரத்தை அனுப்ப வேண்டும். நான் இன்னும் வேலையில்லாமல்தான் இருக்கிறேன் என்று உறுதி சொன்னால்தான் அந்த மாத உதவி வரும். நான் வேலையில்லாமலா இருந்தேன்? காலையில் போய் ராத்திரி வந்தவள். அங்பாவ் என்று சொல்லிக் கணவர் போல நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். ஆனால் நேராகக் கேட்ட கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் சொன்னால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இருபது வருடம் தாள்களில் ஒரு பெட்டியைக்கூடக் கூட்டியும் எழுதியதில்லை, குறைத்தும் எழுதியதில்லை.

ஆலோசகருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"ஆண்டி, அவங்க உங்களை ஹையர் பண்ணாங்களா?" என்று கேட்டாள். "டைம் ஃபிக்ஸ் பண்ணாங்களா? இவ்வளவு தர்றேன்னு பேசுனீங்களா?"

"ஒண்ணுமே பேசலம்மா."

"அப்ப நீங்க ஹெல்ப் பண்ணீங்க, அவங்க கிஃப்ட் குடுத்தாங்க. அப்படியா?"

"அதான் தெரியல."

 "ஆண்டி, அதை நான் சொல்ல முடியாது," என்றாள். "நீங்களும் அந்த ஓனரும்தான் சொல்லணும். வேலைன்னா டிக்ளேர் பண்ணிடுங்க. இந்த மாசம் பேஅவுட் காசு உண்டா இல்லையான்னு எங்க ஆபீஸ்ல பார்த்துட்டுத்தான் சொல்வாங்க. கிஃப்ட்னா அது வேற. எதுவா இருந்தாலும் உண்மையா போடுங்க."

போனை வைத்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அக்கா, "அது வேலையில்லை, நீ பிரியத்துக்குச் செய்தாய், நான் பிரியத்துக்குக் கொடுத்தேன்," என்று சொன்னால் எனக்கு லாபம். அங்பாவும் நிற்கும், உதவித்தொகையும் வரும். ஆனால் அவர் அப்படிச் சொல்லிவிடுவாரோ என்றுதான் நான் பயந்தேன். அப்படிச் சொன்னால் கால் கடுக்க நின்ற அத்தனை நாளும் பொழுதுபோக்கு என்றாகிவிடும். நான் கேட்க விரும்பிய பதில் எனக்கு நஷ்டம் தரும் பதில்தான்.

பண்டிகை முடிந்து கடை திறந்த அன்று போனேன். தெருவில் தீபாவளிச் சந்தைக் கூடாரங்களைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடையில் வேறு யாரும் இல்லை. அக்கா கல்லாமேலேயே பொட்டலத்தைப் பிரித்துத் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வா வா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேங்க்கா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இங்க நான் பார்த்தது வேலையா?"

தோசையைப் பிய்த்த கை அப்படியே நின்றது. "என்னடி கேள்வி இது?"

சொன்னேன். ஆபீஸ் வேலை போனது, உதவித்தொகை வாங்குவது, மாதாமாதம் உண்மையைச் சொல்ல வேண்டியிருப்பது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

"வேலை போனது எனக்குத் தெரியும்," என்றார்.

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? லீவுல இருக்கறவ நான் ஷட்டர் தூக்குறதுக்கு முன்னாடியே வந்து வாசல்ல நிப்பாளா?"

"அது தெரிஞ்சுதான் உறையில அவ்வளவு வச்சீங்களா?"

"ஆமா. தெரிஞ்சுதான்."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. எவரும் பாவம் பார்க்கக்கூடாது என்றுதானே வாய் திறக்காமல் இருந்தேன்? கைப்பையிலிருந்து அந்த உறையை எடுத்துத் தோசைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். "பாவம்னு குடுத்திருந்தா எனக்கு வேணாங்க்கா," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, மாடியில் தையல் மெஷின் சத்தம் நின்றது.

அக்கா எழுந்து பின்னால் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"உனக்குப் புத்தியிருக்கா? போன தீபாவளிக்கு இதே வாசல்ல நின்னு எத்தனை பேரு என்னை ஏசிட்டுப் போனாங்க தெரியுமா? அளவு பிளவுஸைத் தொலைச்சிட்டேன்னு ஒரு பொம்பளை உக்காந்து அழுதுச்சு. அவளுக்குப் புதுப் புடவை எடுத்துக் குடுத்து அனுப்புனேன். இந்த வருசம் ஒரு பிளவுஸ் தொலையல. ஒருத்தர் ஏசல. நாலு தீபாவளிக்கப்புறம் நான் இந்தத் தீபாவளிக்குத்தான் தூங்கியிருக்கேன். காசு அதுக்குத்தான். வேலை போனவளாச்சேன்னு மேல கொஞ்சம் வச்சேன், ஆமா, வச்சேன். அது தப்பா?"

"அப்ப வேலைதானா?"

"பின்ன என்ன, நாம ரெண்டு பேரும் கும்மியா அடிச்சோம்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இதை அப்பவே சொல்லியிருக்கலாம்லக்கா," என்றேன்.

"ஏசில உக்காந்து கம்ப்யூட்டர் பார்த்தவளை, எங்கடையில வேலைக்கு வர்றியான்னு எப்படிக் கேக்குறது? எனக்குக் கூச்சமா இருந்துச்சு. நீயாச்சும் வாயைத் திறந்து கேட்டியா?"

கேட்கவில்லைதான். அவருக்கு மரியாதை தடுத்தது, எனக்கு ரோஷம் தடுத்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு வேலையை வேலை என்றே சொல்லாமல் நடத்தி முடித்திருந்தோம். அரசாங்கம் கேட்டிராவிட்டால் இன்னும் பத்துத் தீபாவளிக்கு அப்படியே நடத்தியிருப்போம்.

"ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிடுறேன்," என்று அக்கா குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு வேலை இருக்கான்னு கேட்டா, இல்லம்மா. நீயே பாக்குற, ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். அடுத்த தீபாவளிக்குக் கூப்புடுறேன். சம்பளம் பேசித்தான் கூப்புடுவேன்."

ஏமாற்றமாகத்தான் இருந்தது. வரும் வழியெல்லாம், வேலை என்று அவர் ஒப்புக்கொண்டால் நாளைக்கும் வா என்பார் என்று என்னென்னவோ கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். ஆனால் அவர் பூசி மெழுகாமல் சொன்னது பிடித்திருந்தது. உறையை எடுத்து என் பையில் அவரே திணித்தார். மீதித் தோசையையும் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தேன். வேலை பார்த்தேன் என்று போட்டேன். கடை விவரம், கையில் வாங்கிய பணம், எல்லாவற்றையும் உள்ளபடி எழுதினேன். கணவர் பின்னால் நின்று பார்த்தார்.

"இந்த மாசக் காசு போனாலும் போயிடும்," என்றார்.

"தெரியும்."

"மயில் படம் போட்ட உறைன்னு சொன்னா யாரு கேக்கப்போறா?"

நான் அடுத்த பக்கத்துக்குப் போனேன். அவர், "சரி, போடு. நான் ரெண்டு நாள் ஓடி அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்," என்று தேநீர் போடப் போனார். ஓய்வு நாளிலும் பஸ் ஓட்டுவதைத்தான் சொன்னார். அந்த மனிதருக்கு இன்னும் கொஞ்சம் நன்றாகச் சமைத்துப் போட வேண்டும் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஆலோசகரைப் பார்க்கப் போனேன். அந்த மாத உதவியைப் பற்றிப் பரிசீலித்துச் சொல்வார்கள் என்றாள். பிறகு என் தற்குறிப்பைத் திரையில் திறந்து, புடவைக்கடையையும் அதில் சேர்க்க வேண்டும் என்றாள். இவ்வளவு சின்ன வேலையையா என்றேன். "நீங்க செஞ்சது சின்ன வேலை இல்ல ஆண்டி," என்று சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்தாள். எப்போது சேர்ந்தீர்கள், என்ன பொறுப்பு, எப்போது முடிந்தது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"ரீசன் ஃபார் லீவிங்? ஏன் நின்னீங்க ஆண்டி?"

இதே கேள்வியைப் பழைய ஆபீஸைப் பற்றி அவள் முன்பு கேட்டபோது நான் மேசையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன். சொன்னதையே இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்தே சொல்ல முடிந்தது.

"வேலை முடிஞ்சிருச்சும்மா," என்றேன். "எல்லார் பிளவுஸும் குடுத்தாச்சு."